பழைய பாக்கி, புதிய முகம்

கேள்வி இது: "ஒரு சூப்பர் ஹீரோ வேடத்துக்குப் புதிய நடிகரை அறிவித்த அன்றே ரசிகர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள்? ஒரு காட்சிகூட வெளிவந்திருக்காது. எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்? படம் வந்த பிறகு அதே ஆட்கள் 'இவரைத் தவிர வேறு யாரையும் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை' என்று எழுதுவது எப்படி?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முந்தைய படம் வைத்துவிட்டுப் போன பாக்கியை, புதிதாகக் கதவைத் தட்டுகிறவரிடம் வசூலிக்கிறார்கள். கடன்பட்டவர் ஒருவர், வட்டி கட்டுகிறவர் இன்னொருவர். காமிக்ஸும் இந்தப் படங்களுமாகப் பல ஆண்டுகள் காலம் தள்ளியவன் என்ற முறையில் இந்த வசூலில் நானும் பங்கெடுத்திருக்கிறேன். அந்தக் கதை பிறகு.

இந்தப் பழக்கம் இணையத்தோடு வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். 1988-இல் பேட்மேனாக மைக்கேல் கீட்டனை டிம் பர்ட்டன் தேர்ந்தெடுத்தபோது வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குச் சுமார் 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்ததாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். இன்று ஒரு விரல் அசைவில் முடிகிற கோபத்துக்கு அன்று அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் போன்ற வணிகப் பத்திரிகையே இந்த எதிர்ப்பை முதல் பக்கத்தில் செய்தியாக்கியது.

கீட்டன்மீது என்ன குற்றச்சாட்டு? நகைச்சுவை நடிகர். நடுத்தர உயரம். சதுரத் தாடை கிடையாது. ஆனால் கடிதம் எழுதியவர்களை உண்மையில் வாட்டியது 1966 முதல் 1968 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடர். ஆடம் வெஸ்ட் நடித்த அந்த 120 அத்தியாயங்களில் சண்டை நடக்கும்போது 'டமால்', 'டுமீல்' வகைச் சொற்கள் திரையில் பெரிய எழுத்தில் தெறிக்கும். வேண்டுமென்றே கேலியாக எடுக்கப்பட்ட தொடர் அது. வெஸ்ட் கொஞ்சமும் சிரிக்காமல், கல்லூரிப் பேராசிரியர் மாதிரி நிமிர்ந்து நின்று அந்தக் கேலியைச் செய்தார். அது எளிய வேலையே இல்லை, இன்று பார்த்தாலும் ரசிக்கலாம். ஆனால் காமிக்ஸ் வாசகர்களுக்கு அது இருபது ஆண்டு அவமானம். பேட்மேன் வாசிக்கிறேன் என்று சொன்னால் எதிரே இருப்பவர் சிரிப்பார். 1986-இல் ஃபிராங்க் மில்லர் எழுதி வரைந்த இருண்ட பேட்மேன் கதை வந்த பிறகுதான் அவர்களால் தலைநிமிர முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் நகைச்சுவை நடிகர் ஒருவர் முகமூடி மாட்டப் போகிறார் என்றால் எப்படி இருக்கும்? கடிதங்களின் முகவரி கீட்டன் பெயரில், கோபமெல்லாம் ஆடம் வெஸ்ட் பெயரில்.

1989 ஜூன் 23-இல் படம் வந்தது. அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 4 கோடி டாலருக்கு மேல், உலகம் முழுவதும் 40 கோடி டாலரைத் தாண்டிய வசூல். வசூலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சாப்பாட்டு மேசை. பேட்மேனின் முகமூடியில்லாத முகமான புரூஸ் வெய்ன் தன் மாளிகைக்கு ஒரு பெண்ணை விருந்துக்கு அழைத்திருக்கிறான். மிக நீண்ட மேசை, ஒரு முனையில் அவள், மறுமுனையில் இவன். உப்பைக் கேட்டால்கூட எழுந்து நடந்து போய்க் கொடுக்க வேண்டிய தூரம். இங்கே சாப்பிடுவது உனக்குப் பிடிக்குமா என்று அவள் கேட்கிறாள். பிடிக்கும் என்கிறான். பிறகு ஒரு கணம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இந்த அறைக்குள் இதற்கு முன் வந்ததாகவே நினைவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். அரங்கில் சிரிப்பு எழும் இடம். கூடவே, தன் சொந்த வீட்டில் விருந்தாளி போல வாழ்கிறவன் இவன் என்பதும் தெரிந்துவிடுகிறது. நகைச்சுவை நடிகர் என்று எதற்காக எதிர்த்தார்களோ, அந்தத் திறமைதான் காட்சியைத் தூக்கி நிறுத்தியது.

அந்த உடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகமூடியும் தோளும் ஒரே ரப்பர் வார்ப்பாக இருந்ததால் கீட்டனால் கழுத்தைத் திருப்ப முடியாது. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால் மார்போடு சேர்த்து முழு உடம்பையும் திருப்ப வேண்டும். அந்தச் சங்கடமே அவருடைய பேட்மேனுக்கு ஒரு சிலைத்தன்மையைக் கொடுத்தது. 2008-இல் வந்த 'தி டார்க் நைட்' படத்தில் கிறிஸ்டியன் பேல் தன் பொறியாளரிடம், தலையைத் திருப்பக்கூடிய உடை வேண்டும் என்று கேட்பார். பத்தொன்பது ஆண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்த புகார் மனு!

இனி இந்தக் கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். ஜார்ஜ் குளூனிக்கு அப்படிப்பட்ட கடித மழை பெய்யவில்லை. சதுரத் தாடை, கம்பீரம், தொலைக்காட்சிப் புகழ், எல்லாம் பொருத்தம். ஆனால் 1997-இல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' படத்தில் நாயகன் தன் இடுப்புப் பட்டையிலிருந்து வௌவால் சின்னம் போட்ட கிரெடிட் கார்டை எடுத்து நீட்டுகிறான். அந்தத் தொடரின் கதை அத்தோடு முடிந்தது. அடுத்த பேட்மேன் படம் வர எட்டு ஆண்டுகள் ஆயின. குளூனி இன்றுவரை பேட்டிகளில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அறிவிப்பு நாளின் கூச்சலோ அமைதியோ படத்தைப் பற்றி எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதற்கு இந்த இருவரும் போதும்.

பென் அஃப்லெக் 2013 ஆகஸ்டில் பேட்மேனாக அறிவிக்கப்பட்டபோது அவரை நீக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். அவர் கட்ட வேண்டியிருந்தது 2003-இல் நடித்த 'டேர்டெவில்' படத்தின் பாக்கி. குறைந்தபட்சம் அது அவருடைய சொந்தக் கடன். 2016-இல் படம் வந்தபோது விமர்சகர்கள் படத்தைக் கிழித்தார்கள். ஆனால் அந்தப் படத்தில் உருப்படியானது அஃப்லெக்கின் களைத்துப்போன, நரை கண்ட புரூஸ் வெய்ன்தான் என்று எழுதியவர்கள் ஏராளம். 2019-இல், 'ட்வைலைட்' படங்களில் காட்டேரியாக நடித்த ராபர்ட் பாட்டின்சன் பெயர் வந்ததும், வெயிலில் மினுங்கும் காதல் காட்டேரியா பேட்மேன் என்று கேட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் சின்னச் சின்னப் படங்களில் நடித்துத் தன்னை ஆளே மாற்றிக்கொண்டிருந்ததைக் கேட்டவர்களில் பலர் பார்த்திருக்கவில்லை. 2022-இல் 'தி பேட்மேன்' வந்தது. முகமூடியைக் கழற்றுகிறான், கண்ணைச் சுற்றிப் பூசிய கறுப்பு மை அப்படியே முகத்தில் ஈஷிக்கொண்டிருக்கிறது. முந்தைய படங்களில் முகமூடி கழன்ற மறுநொடி அந்த மை மாயமாகிவிடும். ராத்திரி முழுவதும் அடிவாங்கி வந்து மைகூடக் கழுவாமல் உட்கார்ந்திருக்கும் அந்த முகத்தைப் பார்த்த பிறகு காட்டேரிப் பேச்சு அடங்கிவிட்டது.

ஹீத் லெட்ஜரை இங்கே சேர்க்கலாமா என்று யோசித்தேன், அவர் நடித்த ஜோக்கர் பேட்மேனின் வில்லன், நாயகன் இல்லையே. ஆனால் ஜாக் நிக்கல்சனுக்குப் பிறகு இந்த இளைஞனா என்று 2006-இல் எழுந்த ஏளனத்தை விட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. அவர் 2008 ஜனவரியில் இறந்தார், 'தி டார்க் நைட்' ஜூலையில் வந்தது, அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருதை அவருடைய குடும்பத்தார் மேடையேறி வாங்கினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நடிகர் தேர்வுச் சண்டையிலும் யாராவது ஒருவர் "லெட்ஜரையும் இப்படித்தான் சொன்னீர்கள்" என்று ஆரம்பித்துவிடுகிறார். இதையும் முழுதாக நம்பாதீர்கள். எதிர்ப்பு வந்ததாலேயே ஒருவர் லெட்ஜர் ஆகிவிட மாட்டார்.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். மனம் எங்கே மாறுகிறது? டிரெய்லரில் உடையைப் பார்த்து, நிழற்படத்தில் தாடையைப் பார்த்து ரசிகர்கள் வாதாடுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை, முகமூடி இல்லாத காட்சிதான் புதியவரை வீட்டுக்குள் அழைக்கிறது. உடைக்குள் யார் இருந்தாலும் பாதி வேலையை உடையே பார்த்துக்கொள்ளும். சட்டையும் கண்ணாடியும் போட்ட சாதாரண ஆளாக நிற்கும்போதுதான் நடிகர் தனியாக மாட்டிக்கொள்கிறார்.

1978-இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தைப் பாருங்கள். கிறிஸ்டோபர் ரீவ் அன்று யாருக்கும் தெரியாத இளைஞர். விளம்பரத்தில் மார்லன் பிராண்டோவும் ஜீன் ஹாக்மனும்தான் முதலில். நிருபர் லோயிஸ் லேனின் வீட்டுக்குக் கிளார்க் கென்ட், அதாவது சாதாரண ஆளாக வேடமிட்ட சூப்பர்மேன், வந்திருக்கிறான். அவள் பக்கத்து அறைக்குப் போகிறாள். இவன் கண்ணாடியைக் கழற்றுகிறான். கூன் நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் ஒரு படி கீழே இறங்குகிறது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் பெயரைக் கூப்பிடுகிறான். அவள் திரும்புவதற்குள் தைரியம் போய்விடுகிறது. கண்ணாடி மறுபடி ஏறுகிறது, உடம்பு சுருங்குகிறது, குரல் தடுமாறுகிறது. தந்திரக் காட்சி எதுவும் இல்லை. கண்ணாடி போட்டால் எப்படி அடையாளம் தெரியாமல் போகும் என்று நாற்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்ட கிண்டலுக்கு அந்தச் சில நொடிகளில் பதில் வந்துவிட்டது. அவருக்கு முன்னால் 1950-களின் தொலைக்காட்சித் தொடரில் நடித்த ஜார்ஜ் ரீவ்ஸைப் பலர் மறந்தே போனார்கள்.

இத்தனை அழகாக ஒருவர் செய்துவிட்டால் அடுத்தவருக்கு வேறுவிதமான பாக்கி விழுகிறது. 2006-இல் பிராண்டன் ரூத் வந்தார். ரீவின் படங்களுடைய தொடர்ச்சியாகவே 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' எடுக்கப்பட்டது. அதே ஜான் வில்லியம்ஸ் இசை, பிராண்டோவின் பழைய காட்சித் துணுக்குகள், ரீவின் சாயலில் ஒரு முகம். அவரைப் புகழ்ந்தவர்கள் ரீவ் மாதிரியே இருக்கிறார் என்றார்கள். குறை சொன்னவர்களும் அதையேதான் சொன்னார்கள். தன் சொத்தாக ஒரு கையசைவைக்கூட வைத்துக்கொள்ள அந்த மனிதரை விடவில்லை. எதிர்ப்பைவிடக் கொடுமை இந்த வகை வரவேற்பு என்பது என் அபிப்பிராயம். 2019-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வயதான சூப்பர்மேனாக அவர் மறுபடி உடையணிந்து வந்தபோது ரசிகர்கள் அள்ளி அணைத்தார்கள். பதின்மூன்று ஆண்டு தாமதம்.

டேவிட் கொரன்ஸ்வெட்டின் தலையில் ஏறியது இன்னும் விசித்திரம். அவருக்கு முன் சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கவில் 2022 அக்டோபரில் தான் திரும்பி வருவதாகத் தானே அறிவித்தார். டிசம்பரில், இல்லை என்று அவரே எழுத வேண்டியதாயிற்று. இரண்டு மாதத்துக்குள் ஸ்டுடியோ மனம் மாறியது. அந்த ஆத்திரமெல்லாம் 2023 ஜூனில் பெயர் அறிவிக்கப்பட்ட கொரன்ஸ்வெட்மீது இறங்கியது. அவர் செய்த ஒரே தவறு வேலை கேட்டுப் போனது. 2025 ஜூலையில் படம் வந்தபோது பேசப்பட்டது பறக்கும் காட்சியைவிட ஒரு வீட்டுக் காட்சி. கிளார்க்கின் உடையில் அமர்ந்து, சூப்பர்மேனாகப் பேட்டி கொடுக்கச் சம்மதிக்கிறான். லோயிஸ் ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டிவிட்டு நிருபராகவே மாறிக் கேள்விமேல் கேள்வி கேட்கிறாள். சமாளிக்கத் தெரியாமல் அவனுக்குக் கோபம் வருகிறது, குரல் உயர்கிறது. மலையைத் தூக்குகிறவன் காதலியின் கேள்விக்குத் திணறுகிறான். ரீவ் கண்ணாடியைக் கழற்றியதும் லோயிஸ் வீட்டில்தான், கொரன்ஸ்வெட் மாட்டிக்கொண்டதும் அங்கேதான்.

என் பங்கைச் சொல்கிறேன் என்றேன். ஆண்ட்ரூ கார்ஃபீல்ட். டோபி மக்வயர் நடித்த ஸ்பைடர்மேன் வரிசையில் நான்காவது படம் 2010-இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் கார்ஃபீல்ட் வந்தார், 2012-இல் சிலந்தி கடிப்பதிலிருந்து கதை மறுபடி ஆரம்பித்தது. ஸ்கேட்போர்டில் போகிற, இத்தனை லட்சணமான பையனையா பள்ளியில் ஒதுக்கிவைப்பார்கள் என்று நண்பர்களிடம் பெரிய வியாக்கியானமே நடத்தினேன். உண்மையில் எனக்கு அந்த நான்காவது படம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 2014-இல் இரண்டாம் படத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். டாம் ஹாலண்ட் வந்தார், அவரை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. திட்டித் தீர்த்த களைப்பு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2021 டிசம்பரில் 'நோ வே ஹோம்'. மந்திர வாசல் ஒன்று திறக்கிறது, முகமூடி அணிந்த ஓர் உருவம் உள்ளே குதிக்கிறது, முகமூடியைக் கழற்றினால் கார்ஃபீல்ட். அரங்கமே எழுந்து கத்தியது. பக்கத்து இருக்கைக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார், அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காட்சியில் அவரை அழகாக்குவது அதற்குப் பிறகு நடப்பது. உண்மையான ஸ்பைடர்மேன்தானா என்று சோதிக்க அவர்மீது ரொட்டித் துண்டை எறிகிறார்கள். கூரையில் ஏறி ஒட்டிக் காட்டச் சொல்கிறார்கள். அந்த வீட்டுப் பாட்டி, ஏறியதோடு ஏறினாய், அந்த மூலையில் இருக்கும் ஒட்டடையையும் தட்டிவிடு என்கிறாள். அவர் பவ்யமாகத் தட்டிவிடுகிறார். படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பெண் உயரத்திலிருந்து விழ, இவர் பாய்ந்து பிடித்துவிடுகிறார். 2014-இல் அதேபோல விழுந்த தன் காதலியைக் காப்பாற்ற முடியாமல் போனவர். தரையிறங்கி, நன்றாக இருக்கிறாயா என்று கேட்கும்போது அவர் முகம் உடைகிறது. குறை எழுத்திலும் இயக்கத்திலும் இருந்ததென்றும், நடிகர் ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்தாரென்றும் புரிந்துகொள்ள எனக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன.

இதே உத்தியை 2023-இல் 'தி ஃப்ளாஷ்' முயன்றது. கீட்டன் நேரில் வந்தவரை சரி. இறந்துபோன ரீவையும் ஜார்ஜ் ரீவ்ஸையும் கணினி உருவங்களாகக் கொண்டுவந்து நிறுத்தியபோது பலருக்கு நெளிவாக இருந்தது. ரசிகர்கள் கேட்பது அந்த ஆளை. அவருடைய மெழுகுப் பொம்மையை இல்லை.

துணை வேடங்களில் இந்தக் கூச்சல் அநேகமாக இருப்பதில்லை. 'அயர்ன் மேன்' படத்தில் நாயகனின் நண்பன் ரோட்ஸாக வந்த டெரன்ஸ் ஹோவர்டுக்குப் பதிலாக 2010-இல் டான் சீடில் வந்தார். முதல் காட்சியிலேயே, வந்தது நான்தான், பழகிக்கொள், மேலே ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்கிற பொருளில் ஒரு வசனம் பேசுவார். நண்பனிடம் சொல்வதுபோல் நமக்குச் சொன்னது. ஹல்க் வேடத்தில் 2003, 2008, 2012 என்று ஒன்பது ஆண்டுக்குள் மூன்று நடிகர்கள். முதல் இருவர் மனதில் வேரூன்றவில்லை, அதனால் மார்க் ரஃபலோ கட்ட வேண்டிய பாக்கியும் இல்லை.

எல்லா எதிர்ப்பையும் பழைய படத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. 2015-இல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்தில், காமிக்ஸில் வெள்ளையராக வரும் பாத்திரத்துக்குக் கறுப்பினத்தவரான மைக்கேல் பி. ஜோர்டனைத் தேர்ந்தெடுத்தபோது வந்த வசைகளில் பெரும்பகுதி நிறம் பற்றியது. காமிக்ஸில் இப்படி இல்லையே என்பது அதற்குப் போர்த்திய சால்வை. 'எக்ஸ்-மென்' நாயகர்களில் ஒருவனான வுல்வரின் காமிக்ஸில் ஐந்தடி மூன்று அங்குலம். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஹியூ ஜாக்மன் 2000-இல் அந்த வேடத்தில் வந்தபோது உயரத்தைப் பற்றி முணுமுணுத்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். நிறத்துக்கு அந்தச் சலுகை அவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை.

'பிளாக் பேந்தர்' படத்தில் டி'சால்லா என்ற அரசனாக நடித்த சாட்விக் போஸ்மன் விஷயம் தனி. 2020 ஆகஸ்ட் 28-இல் அவர் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். டிசம்பரில் மார்வெல், டி'சால்லா வேடத்துக்கு வேறு நடிகர் வரமாட்டார் என்று அறிவித்தது. இம்முறை ரசிகர்களில் ஒரு பகுதியினர் தலைகீழாக, புதியவரைக் கொண்டுவாருங்கள் என்று மனுப் போட்டார்கள். நடிகரோடு பாத்திரத்தையும் புதைக்காதீர்கள், பேட்மேனுக்கு இத்தனை முகங்கள் உண்டென்றால் இந்தக் கறுப்பின அரசனுக்கு மட்டும் ஏன் ஒரே முகம் என்பது அவர்கள் வாதம். அது வலுவான வாதம், கேட்கவேண்டிய மரியாதையோடு கேட்கப்படவில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் 2022-இல் அதன் இரண்டாம் படம் தொடங்கும்போது, வழக்கமான இசை இல்லாமல், மார்வெலின் பெயர் எழுத்துகளுக்குள் போஸ்மனின் முகங்கள் மட்டும் ஓசையின்றி நகர்ந்தன. பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட நின்றுபோனது. அந்த அமைதிக்குள் வேறொருவரை நடக்கவிட எந்த இயக்குநருக்கும் கால் வந்திருக்காது.

கடைசியாக, வசூலித்த பாக்கி எப்போதாவது திரும்பக் கிடைக்கிறதா என்றால், வேடிக்கையான இடங்களில் கிடைக்கிறது. 2024 ஜூலையில் வந்த 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' படத்தில், வெவ்வேறு உலகங்களில் பொருத்தமான வுல்வரினைத் தேடி நாயகன் அலைகிறான். ஓரிடத்தில் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் வுல்வரின் திரும்பினால், சுருட்டுப் புகைக்கு நடுவே ஹென்றி கவில். எதிர்த்தெருக்காரர்களைவிட, அதாவது சூப்பர்மேன் படம் எடுக்கிறவர்களைவிட, உன்னை நாங்கள் நன்றாக வைத்துக்கொள்வோம் என்று டெட்பூல் சொல்ல, சூப்பர்மேன் ரசிகர்களின் விசில் காதைப் பிளந்தது. அதே தேடலில் இன்னொரு வுல்வரினும் வருகிறார், காமிக்ஸில் எழுதியிருக்கும் அதே குட்டை உயரத்தில், டெட்பூலின் இடுப்புக்குச் சற்று மேலே தலை தெரிய, முறைத்துக்கொண்டு.